‘எப்போதும்’ என்னும் பொத்தான்

ஷஃபான் பிறை பதினொன்று, வெள்ளி இரவு.

இன்று முதல் என் கணினி என்னிடம் எதையும் கேட்பதில்லை.

மாலையில் அஸர் தொழுதபின் பழம்பாடல் உரைக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம், எந்தச் செயலியில் திறப்பது என்று அது கேட்கும். கீழே ‘எப்போதும்’, ‘ஒருமுறை மட்டும்’ என இரு பொத்தான்கள். துபாயிலுள்ள மகன் ஹாரூனை அழைத்து, எதை அமுக்குவது என்பேன். ‘எப்போதும்’ என்பான். நான் ‘ஒருமுறை மட்டும்’ என்பதையே அமுக்குவேன். மறுநாள் அது மீண்டும் கேட்கும். நானும் மீண்டும் அழைப்பேன். என் குரலன்றி இவ்வீட்டில் ஒலிப்பது அவன் குரல் ஒன்றே.

இன்று அவன் பொறுமை இழந்தான்.

“அத்தா, நேத்தும் இதையேதானே சொன்னேன்!”

“நாளைக்கு நான் இருப்பேனோ என்னமோ. இன்ஷா அல்லாஹ் சொல்லாம எப்போதும்னு எப்படிப்பா அமுக்குறது?”

“சொல்லிட்டு அமுக்குங்களேன். கம்ப்யூட்டர் வேணாங்குதா?”

சிரித்தவன், அங்கிருந்தபடியே என் கணினிக்குள் புகுந்தான். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மகனின் விரலையே பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இனிமே கேக்காது. நிம்மதியாப் படிங்க.”

நான் சொன்ன காரணம் பொய்யன்று. ஆனால் அது மட்டுமே காரணமா என்பதை இறைவன் அறிவான்.

இரவு இஷா தொழுகைக்குப் பின் சோதித்தேன். கோப்பு உடனே திறந்துகொண்டது. கைப்பேசியை எடுத்தேன், கேட்பதற்கு ஒன்றுமில்லை.

உரையின் எழுத்துகள் சற்றுச் சிறியவை. அவற்றைப் பெரிதாக்கும் வழி எனக்குத் தெரியும். நாளை அஸருக்குப் பின் அது மறந்துபோகும், இன்ஷா அல்லாஹ்.