பக்கத்து இலக்கு

சென்ட், சுவிட்சர்லாந்து
சனிக்கிழமை மாலை

அன்புள்ள செரைனா,

நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை உன் அப்பாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம். நீங்கள் இருவரும் பிரியப் போகிறீர்களா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கே தெரியவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நீ நியூசிலாந்துக்குப் போன பிறகு, உப்பை இப்படி நகர்த்து என்பதைத் தாண்டி மேசையில் பேச்சு வளர்வதில்லை. இவ்வளவு பெரிய வீடு இரண்டு பேருக்கு எதற்கு என்று பனிக்காலத்தில் ஒருநாள் அவர் சொன்னார், இரண்டு சின்ன வீடுகளாகப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். காலி செய்வதென்றால் ஜூன் முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன், சிரிக்காமல் படி. மார்ச்சிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் துப்பாக்கி சுடப் பழகுகிறேன். பள்ளியில் வேலை என்று அப்பா நினைக்கிறார், நான் திருத்தவில்லை. தாளில் ஓட்டை போடுவதற்காக வளர்ந்த மனிதர்கள் சனிக்கிழமையை வீணாக்குகிறார்கள் என்று உன் முன்னாலேயே எத்தனையோ முறை சொன்னவள்தான். சனிக்கிழமைதோறும் சுடப் போகும் உன் அப்பா அங்கே படுத்துக்கொண்டு என்னதான் பார்க்கிறார் என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ளத் தோன்றியது. அவரிடமே கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. புதியவர்களுக்குப் பழக்குகிறவள் மெஞ்சா, தொழிலில் பல் மருத்துவர். முதல் நாள் குண்டையே கண்ணில் காட்டவில்லை. குழல் எப்போதும் இலக்குகள் இருக்கும் மலைச்சரிவைப் பார்த்தே இருக்க வேண்டும், துப்பாக்கி காலியா என்று தானும் பார்த்துப் பக்கத்தில் இருப்பவருக்கும் காட்ட வேண்டும், இவ்வளவுதான் பாடம். அடுத்த வாரம் பாயில் குப்புறப் படுக்க வைத்து, இடது கண்ணை மறைக்க என் மூக்குக்கண்ணாடியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டு சுடாதீங்க டீச்சர், அப்புறம் என் நாற்காலியிலதான் வந்து உக்காரணும்" என்றாள். குழலின் நுனியில் இருக்கும் முன்குறியைத்தான் தெளிவாகப் பார்க்க வேண்டுமாம், முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் இலக்கு மங்கலாகவே இருக்கட்டுமாம். அடிக்க வேண்டியதை மங்கலாகப் பார்ப்பது என்ன நியாயம் என்று வாதாடினேன். "ரெண்டையும் தெளிவா பாக்க மனுசக் கண்ணால முடியாது. நியாயம் கேக்கறதை விட்டுட்டு மூச்சை விடுங்க" என்றாள். அவள் சொன்னபடி செய்தபோது ஓட்டைகள் நெருங்கி விழுந்தன. அன்று வீடு திரும்பிய பிறகு நானும் ஒன்றும் பேசவில்லை, பேசத் தோன்றவில்லை. இத்தனை வருடம் சனிக்கிழமை மாலைகளில் அப்பா வாய் திறக்காமல் வந்து உட்கார்ந்ததை என் மேல் உள்ள சலிப்பு என்று நினைத்திருந்தேன். ஒருவேளை அது இந்த அமைதியாகவும் இருந்திருக்கலாம். சலிப்பாகவும் இருந்திருக்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்து முடிவு கட்ட நான் தயாராக இல்லை.

நாளைக்குக் கோடைகாலத் துப்பாக்கி சுடும் போட்டி. ஓட்டுப் போட வராதவர்கூட அதற்கு வந்துவிடுவார் என்பது உனக்குத் தெரியும். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் இந்த வருடம் நம் ஊர்த் திடல்தான். மெஞ்சா என் பெயரையும் கொடுத்துவிட்டாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கேலி செய்ய வந்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டால், எங்களுக்குள் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

உனக்கு அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கணப்பைப் போடக் கஞ்சத்தனம் பார்க்காதே. அந்த மேலாளர் மேல் உள்ள கோபத்தில் வேலையை விடாதே, வேறொன்று கிடைத்தபின் விடு. நீ பல் மருத்துவரைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது, ஞாபகம் இருக்கட்டும். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

அன்புடன்,
அம்மா லதீனா

ஞாயிறு மாலை. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன். எனக்குச் சுட ஆறாம் எண் இடம் கொடுத்தார்கள். ஐந்தாம் எண்ணில் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "லதீனா, இங்க என்ன பண்ற?" என்றார். சுடப் போகிறேன் என்றேன். யார் சொல்லிக் கொடுத்தது என்றார். பின்னாலிருந்து மெஞ்சா, "நான்தான். பயப்படாதீங்க டூரி, உங்களைச் சுடச் சொல்லிக்குடுக்கல" என்றாள். அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பாயில் படுத்துவிட்டார். நான் முதல் குண்டைச் சுடுவதற்கு முன்பே அடி விழுந்த இடத்தைக் காட்டும் என் திரையில் ஒரு புள்ளி தோன்றியிருந்தது, நடுவுக்கு அருகில். கையைத் தூக்கினேன். ஆறாம் இலக்கில் வேறொருவரின் குண்டு விழுந்திருக்கிறது, ஐந்தாம் எண்ணுக்குப் பூஜ்யம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முப்பது வருடமாகச் சுடுகிறவர் பெண்டாட்டியின் இலக்கில் போட்டுவிட்டார் என்பது திடல் முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. அப்பாவின் தோள்கள் குலுங்கின. கோபம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், அசையாமல் படுங்கள் என்று நடுவர் வந்து சொல்லும் அளவுக்கு. அவருக்கு இந்த வருடம் பதக்கம் இல்லை, எனக்கு அது எட்டுகிற தூரத்திலேயே இல்லை. பிறகு தொத்திறைச்சி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றார். "கேட்டிருந்தா சொல்லிக்குடுத்திருப்பே" என்றேன். "ஆமா, குடுத்திருப்பேன்." "அதான் கேக்கல. நீ அங்க பாக்கறதை நானா பாக்கணும்னு இருந்துச்சு." கடைசித் துண்டைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தார். பிறகு, "வீட்டுக்காரருக்கு நான் இன்னும் எழுதல. நீ எழுதிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ரெண்டு பேரும் எழுத வேணாம்" என்றார். நான் சரி என்றேன்.