வரி ரசீதில் அவர் பெயர்

உங்கள் ஒயர் பையில் இன்னும் பூவன் பழ வாசனை அடிக்கிறது. சுரக்குடியிலிருந்து வந்ததும் கழுவிக் கொல்லையில் கவிழ்த்து வைத்தேன். வாசனை போகவில்லை. வருஷா வருஷம் வீட்டு வரி கட்டிய கையோடு ஒரு சீப்புப் பழம் வாங்கி, அதன்மேல் ரசீதை வைத்து, வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புவீர்களே, அதே பைதான். இந்த வருஷம் நான் கொண்டுபோனேன். நீங்கள் இல்லையென்றால் வேறு யார் போவது?

செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று என் அக்கா சொல்கிறாள். படுவேன். உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் அவளுக்கு என்ன தெரியும்?

தலத்தெருவில் இந்த வீட்டை வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். பத்திரம் பதிந்து வெளியே வந்ததும், விற்ற பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயுசுக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் வாங்கிய வீடு இது. மகனின் படிப்புக்காக விற்றார். "தம்பி, ஊர்ல என்னையக் கூலியாளுன்னுதான் தெரியும். நகராட்சியில மட்டுந்தான் வீட்டுக்காரன்னு எழுதியிருக்கு. நான் கண்ண மூடுற வரைக்கும் வீட்டு வரியில மட்டும் எம் பேரு இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் மனிதர் அழுதுவிட்டார்.

நீங்கள் யோசிக்கவே இல்லை. "இருக்கட்டுங்கய்யா, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "எவனாவது இப்படிச் செய்வானா? மொதல்ல போயி பேர மாத்துங்க" என்றேன்.

"அவருக்கு அதுல ஒரு சந்தோஷம். நமக்கு என்னடி கொறஞ்சு போச்சு?" என்று சிரித்தீர்கள். எதற்கெடுத்தாலும் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான்.

வரியை அவர் பெயரிலேயே கட்டியதோடாவது விட்டீர்களா? ரசீதையும் சுரக்குடிக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தீர்கள். பெரியவர் எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படிப்பதையும், அதை விரலால் தடவிப் பார்ப்பதையும் எனக்கு நடித்துக் காட்டுவீர்கள். நானும் சிரித்திருக்கிறேன், ஒன்றிரண்டு தடவை உங்களோடு வந்தும் இருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை.

அப்புறம் ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்தீர்கள். பெரியவர் கண்ணை மூடும் வரைக்கும் என்றுதானே பேச்சு? நீங்கள் ஏன் முந்திக்கொண்டீர்கள்?

காரியமெல்லாம் முடிந்து, வீட்டை என் பெயருக்கு மாற்ற நகராட்சிக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல உங்க வீட்டுக்காரர் பேரே இல்லையேம்மா. மொதல்ல பத்திரத்த வச்சு அவரு பேருக்கு மாத்தணும். அப்புறந்தான் வாரிசு சர்ட்டிபிகேட் வச்சு உங்க பேருக்கு."

"அவருதான் இல்லையே சார்."

"அதுக்கு ஆள் வரவேணாம்மா, பத்திரம் போதும்."

விண்ணப்பம் கொடுத்து வந்த சில நாளில் பெரியவரின் மகன் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டான். எவன் படிப்புக்காக வீட்டை விற்றாரோ அவனேதான். வரியெல்லாம் அவன் அப்பா பெயரில் கட்டியிருக்கிறதாம், ரசீதெல்லாம் அவர்களிடம் இருக்கிறதாம், விற்கவே இல்லையென்று அப்பாவே சொல்கிறாராம், பத்திரத்தில் இருப்பது அவர் கையெழுத்தே இல்லையாம். நீங்கள் பழத்தோடு சுமந்துபோன ரசீதுகள்! காலேஜில் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கப் போகிறேனா என்று பயந்து, சோறு இறங்காமல் கிடந்தேன்.

விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மகன் பெரியவரை ஆட்டோவில் அழைத்து வந்தான். கண் சுத்தமாகத் தெரியவில்லை, நினைவும் தப்பிவிட்டது. ரசீதுக் கட்டிருந்த மஞ்சள் பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"தலத்தெரு வீட்ட வித்தீங்களா பெரியவரே?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் ஏன் விக்கிறேன்? வரி எம் பேருலதானே வருது?"

"ஐயா, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். என் குரல் கேட்டதும் அவர் முகம் திரும்பியது.

"யாரு, தம்பி பொண்டாட்டியா? தம்பி எங்க ஆயி? இந்த வருஷம் ரசீதே கொண்டாரலையே. பழமும் வரல."

"எந்தத் தம்பி?" என்றார் அதிகாரி.

"வரி கட்டுற தம்பி. அந்த வீட்ட வாங்குனவன். அவன் கட்டாம நானா கட்டுவேன்?"

"அப்பா, சும்மா இருங்க" என்று மகன் அதட்டினான். அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நம் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

பெரியவர் என் பக்கமே முகத்தை வைத்திருந்தார். "தம்பி எங்க ஆயி?" என்று மறுபடியும் கேட்டார்.

ஆட்சேபணையைத் தள்ளிவிட்டார்கள். முதலில் உங்கள் பெயர் ஏறியது. நகராட்சியில் நீங்கள் வீட்டுக்காரராக இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான், அதைப் பார்க்க நீங்கள் இல்லை. பிறகு உங்களை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள். இந்த வருஷ வரியை என் பெயரில் கட்டிவிட்டு வெளியே வந்தவள், நேரே பழக்கடைக்குப் போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அந்த மகனின் முகத்தில் விழிக்கக்கூட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பெரியவர் இன்னும் கண்ணை மூடவில்லையே.

நல்லவேளை, மகன் வீட்டில் இல்லை. பெரியவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பையைக் கீழே வைத்ததும் வாசனை பிடித்து, "தம்பியா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"இல்லீங்கய்யா, நான்தான். ரசீது கொண்டாந்திருக்கேன்."

ஜெராக்ஸைத்தான் கொடுத்தேன். அசல் நம் பீரோவில் இருக்கிறது, உங்களைப் போல நான் ஏமாளி இல்லை. தாளை வாங்கி முன்னும் பின்னும் தடவினார்.

"எம் பேரு இருக்கா ஆயி?"

"இருக்குங்கய்யா."

"எங்க?"

அவர் விரலைப் பிடித்து என் பெயர்மேல் வைத்தேன். மெதுவாகத் தடவிப் பார்த்தார். "ம்... இருக்கு" என்றார்.

அவர் இருக்கிற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய் இந்தப் பொய்யைச் சொல்லியாக வேண்டும். வாக்குக் கொடுத்தது நீங்கள், மாட்டிக்கொண்டது நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் பேச்சுத்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நமக்கு என்னடி கொறஞ்சு போச்சு என்று கேட்பீர்களே.

நீங்கள் குறைந்துபோனீர்கள். வேறென்ன?