உன் அறையைத் திறந்துவிட்டோம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம், உன் அப்பாவும் இப்போது நலம். அது என்ன 'இப்போது' என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்பார்.

நீ போனதிலிருந்து உன் அறையை அவர் பூட்டியே வைத்திருந்தது உனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும், ஒரு சீப்புகூட இடம் மாறக் கூடாது என்று என்னிடம் மல்லுக்கு நிற்பார். ஞாயிறுதோறும் தானே உள்ளே போய் தரையை ஈரத்துணியால் பளபளவென்று துடைப்பார், உன் மெத்தையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், பிறகு கதவைச் சாத்திவிடுவார். மழை தொடங்கியதும் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மருந்து மாத்திரை எதற்கும் அடங்கவில்லை, படுத்தால் மூச்சு இழுக்கிறது, நான் பயந்தே போனேன். கடைசியில் டாக்டரம்மாதான், வீட்டில் எங்காவது ஈரம் கோத்துப் பூசணம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று இவர் சாதித்தார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் உன் பீரோவை இழுத்துப் பார்த்தால், அடேயப்பா, பின்சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூத்துக் கிடக்கிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா, அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்றார். அடுத்த மாதமே அது பெயிண்டைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. எங்கும் ஒழுக்கு இல்லை என்று கொத்தனார் சொல்லிவிட்டார். காற்றே போகாத அறை, வெளிச்சுவரோடு ஒட்டிய பீரோ, போதாக்குறைக்கு வாராவாரம் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டினால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? பாசமாகத்தான் வளர்த்திருக்கிறார் மனிதர்.

அவரை வாசலோடு நிறுத்திவிட்டு, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் நானே சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டேன். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் மெத்தையைத் தூக்கிப் போடத்தான் அடம் பிடித்தார். அதன் அடிப்பக்கம் முழுக்கப் பூசணம், வெயிலில் போட்டாலும் தேறாது. "அவ வந்தா எதுல படுப்பா?" என்றார். "வர்றவ மூச்சு விட வேண்டாமா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து ஒரு முனையைப் பிடித்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கிறது. வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று என் தையல் மெஷினை அங்கே போட்டுவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. அவரும் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், நான் தைப்பதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். இருமல் போய்விட்டது, இனி குறட்டையை நிறுத்தத்தான் டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும். நீயும் அந்த ஊர்க் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுக்கையறையிலேயே துணி காயப்போடுவதாகச் சொன்னாயே, வேண்டாம் தங்கம். குளித்ததும் சமைத்ததும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடு, கண்ணாடியில் நீர் முத்து முத்தாக நின்றால் துடைத்துவிடு, கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே.

புது மெத்தை வாங்கலாம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். நீ வருகிற தேதி தெரிந்தால்தான் வாங்குவாராம், வாங்கிப் போட்டுப் பூட்டி வைக்கிற வேலை இனிக் கிடையாதாம். நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு நீ இருக்க எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு. தேதியை மட்டும் மறக்காமல் சொல், என்னிடம் வேண்டாம், அவரிடமே சொல்.

உன் அறையில் உட்கார்ந்து எழுதும்,
அம்மா