தரையில் ஒரு பாதம்

என் மகளைப் பெற்றவளுக்கு,

நான் சுகம். முட்டிவலிகூடக் குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு இருமல் நின்றதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் கம்பெனியில் எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றித் தலைநகரைச் சுற்றிக் காட்டினார்கள். மணிக்கூண்டு, பாராளுமன்றம் என்று அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே சுளுக்கிக்கொண்டது. கடைசியாக, பழைய அரண்மனையில் இருக்கும் மியூசியம். எல்லோரும் கூரை ஓவியத்தைப் பார்த்தார்கள். டைல்ஸ் ஒட்டுகிற நானும் மேஸ்திரியும் தரையைப் பார்த்தோம். நானூறு வருஷத்துக்கு முன் களிமண்ணில் சுட்ட கல். ஒரு நூல் விலகல் இல்லை. கை சும்மா இருக்குமா? மண்டியிட்டு விரலால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட உள்ளே காலியாக ஒலிக்கவில்லை!

காவலாளி ஓடி வந்தார், அவரும் நம் தமிழ் ஆள்தான். "என்னங்க பண்றீங்க? எந்திரிங்க!"

"வேலைய பாக்குறான் சார். நாங்களும் தரை போடுறவங்கதான்" என்றார் மேஸ்திரி.

காவலாளி சிரித்துவிட்டார். "அப்ப இத பாருங்க" என்று மூலைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு கல்லில் சின்னப் பாதம், ஐந்து விரலும் தெளிவாக. ஈரம் காயுமுன் எந்தக் குழந்தையோ மிதித்திருக்கிறது. அதன் தகப்பன்தான் எறிய மனமில்லாமல் சுட்டுப் பதித்திருப்பான். அதற்குப் பிறகு அந்த அரண்மனையே எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. பாப்பா காலைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து அனுப்பு, செருப்பு வாங்கத்தான். இரண்டு காலையும் வரை. கடைக்காரருக்கு ஒன்று போதும், எனக்குப் போதாது.

உன் வீட்டுக்காரன்