கயிறு பிடித்தவனின் நெஞ்சு

மச்சான்,

இன்று துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு கடைவாசலில் நனைந்த கயிற்றுச் சுருள் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் விரல்கள் மரத்துப்போயின. கடைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணாச்சி, மயக்கமா?" என்றார் கடைக்காரர். கையசைத்துவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் யுத்தம் தொடங்கிய வருஷம் நாம் சங்கு குளிக்கப் போனோம். நான் கடலுக்குள் இறங்குவேன். என் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் நீ பிடித்திருப்பாய். ஒரு நாள் அடியில் கயிறு பாறையில் மாட்டிக்கொண்டது. எப்படியோ விடுவித்து மேலே வந்துவிட்டேன், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து வள்ளம் கரையை விடும்போதே நெஞ்சு தடதடக்கும். மூச்சு பாதியில் நிற்கும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, "இருதயம் நல்லா இருக்கு. பயந்திருக்கீங்க" என்றார். பயத்துக்கு அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நம்பவில்லை. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். உன்னிடமும் மறைத்தேன், எனக்குப் பதில் வேறு ஆளை இறக்கிவிடுவார்களே என்று.

ஒரு காலையில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி இறங்காமல் நின்றேன். "கயிறு சிக்கிக் கெடக்கு, செத்த பொறுங்க" என்று மற்றவர்களிடம் பொய் சொன்னாய். பிறகு என் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்தாய். அதுவும் என்னுடையதைப் போலவே அடித்துக்கொண்டிருந்தது.

"நீ உள்ள போனா எனக்கும் இப்படித்தான் மாப்ள. அன்னையிலருந்து கஞ்சி வயித்துல தங்க மாட்டேங்கு."

"பொறவு ஏன் கயிறு பிடிக்க?"

"வேற எவனாவது பிடிச்சா இன்னும் கலக்கும்."

அன்று நடுங்கிக்கொண்டேதான் இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் படபடப்பு வரும்போதெல்லாம் "வந்துட்டான் நம்ம கூட்டாளி" என்பாய். நானும் சிரிப்பேன்.

போன மாசியில் தோளைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். சட்டையெல்லாம் வேர்வை. "நெஞ்சை என்னமோ பண்ணுது. நம்ம கூட்டாளிதான் போல" என்றாய். "ஒண்ணுமில்ல, செத்த இரு, போயிரும்" என்றேன். நீயும் நம்பி உட்கார்ந்தாய். சாயங்காலத்துக்குள் போய்விட்டாய்.

உன் தங்கை இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வாரம் நெஞ்சு எரிகிறது என்றாள். சுக்கு தட்ட எழுந்தவளை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெறும் வாய்வு என்றார் டாக்டர். "ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன்ல" என்று திரும்பும் வழியெல்லாம் சலித்துக்கொண்டாள்.

அந்த 'ஒண்ணுமில்ல'யை டாக்டர் வாயால் கேட்கத்தான் போனேன் மச்சான். நானாக யாருக்கும் அதைச் சொல்ல இனி வாய் வராது.