உப்புத்தாள் போட்ட விரல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். போன இரண்டு கடிதங்களிலும் இதே வரிதான் இருந்தது, ஆனால் அப்போது அது பாதிப் பொய். இந்த முறை முழு உண்மை. நீயும் நலமாக இருப்பாய், உன் குதிகாலைத் தவிர. அந்தக் குதிகாலுக்காகத்தான் இந்தக் கடிதமே, அதற்கு வருகிறேன்.

அந்த இரண்டு கடிதங்களும் ஏன் அம்மாவின் கையெழுத்தில் இருந்தன என்று போன வாரம் போனில் கேட்டாய். கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் ஒரு பழைய அலமாரிக் கதவின் பாலிஷைச் சுரண்டும்போது தகடு வழுக்கி, என் வலது கை ஆட்காட்டி விரலின் நுனிச் சதையைச் சீவிவிட்டது. நீ வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கேள்விப்பட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாய் என்றுதான் மறைத்தோம். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அம்மாவை விட்டுவிடு. அன்றைக்கே க்ளினிக்கில் கழுவி, ஊசி போட்டு, கட்டுப் போட்டு, இதை அப்படியே விட்டுவையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் கேட்கிற ஆளா? வீட்டிலிருந்த கிருமிநாசினி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் கலக்காமல் மூடி மூடியாக ஊற்றினேன். அதோடு விட்டேனா, தொழில் புத்தி வேறு சேர்ந்துகொண்டது. ஒரு கோட் பூச்சுக்கும் அடுத்த கோட் பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் பாலிஷ் மரத்தில் பிடிக்காது, முப்பது வருஷமாக அதைத்தானே செய்கிறேன். அதேபோல் காலையில் கட்டைப் பிரித்து, பொருக்கை ஈரத்துணியால் தேய்த்து எடுத்து, மருந்தை ஊற்றி, மின்விசிறிக்கு நேராக நீட்டிக் காயவைப்பேன். சாயங்காலம் இன்னொரு கோட். சிவப்பாகப் பளபளவென்று இருக்கும், எனக்கு ஒரே பெருமை. இது விரலா மேசைக்காலா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் பச்சைப் புண்ணாகவே இருந்தது. என் தொழிலில் கண் பாதிதான், மீதி அந்த விரல் நுனி. பலகையைத் தடவிப் பார்த்து இங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அதற்கு உணர்ச்சி போய்விட்டால் நான் வெறுமனே துணி பிடித்துத் துடைக்கிற ஆள். பயந்தேன், இப்போது சொல்வதற்கென்ன, நன்றாகவே பயந்தேன். கடைசியில் அம்மா என்னை இழுக்காத குறையாக க்ளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே கட்டுப் போடும் நர்ஸம்மாவுக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். அவரிடம் என் வைத்திய முறையைப் பெருமையாகவே விளக்கினேன். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஐயா, நீங்க தினமும் தேய்ச்சு எடுக்கிறது அழுக்கு இல்ல, நாளைக்கு வரவேண்டிய தோலு என்றார். அந்த மருந்து கிருமியைக் கொல்லும், ஆனா காட்டமா ஊத்திக்கிட்டே இருந்தா புதுசா வர்ற சதையையும் சேர்த்துப் பொசுக்கிடும், முதல் நாள் கழுவினதே போதும் என்று பாடம் நடத்தினார். சர்க்கரையும் பார்த்தார்கள், இல்லை. அப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள், இன்னும் கண்ணில் காட்டவில்லை. அதற்குப் பிறகு கட்டு மாற்றியதெல்லாம் அவள்தான்.

இப்போது உன் குதிகால். புது ஷூ கடித்துக் கொப்புளம் உடைந்துவிட்டது, தினமும் இரண்டு வேளை மருந்தை அப்படியே ஊற்றுகிறேன் என்று அதே போனில் சொன்னாய். எரியுமே என்றேன். எரிஞ்சாத்தான் ஆறும், நீங்கதானப்பா சொல்லிக் கொடுத்தீங்க என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நீ சைக்கிளில் விழுந்த அன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நீ கதறக் கதற அதைச் சொன்னவன் நான்தான். அது தப்பு மகளே. அப்பா சொன்னது தப்பு. சுத்தமான தண்ணீரில் கழுவு, மெல்ல ஒற்றி எடு, மூடிவை, தினமும் கட்டை மாற்று, அவ்வளவுதான். மருந்து போட்டே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீர் கலந்துகொள். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை, ஆறும்வரை பழைய செருப்பைப் போட்டுக்கொள், யாரும் உன் காலைப் பார்க்க வரவில்லை.

மற்றபடி மாமா ஸ்கூட்டரை விற்றுவிட்டு நடக்கிறார், நடப்பதைவிட நடந்ததைப் பற்றிப் பேசுவது அதிகம். மாடி வீட்டுப் பூனை பட்டறையில் என் பாலிஷ் துணிமேல் குட்டி போட்டிருக்கிறது, துணி வாங்க வேண்டும்.

முந்தாநாள் கட்டை எடுத்துவிட்டார்கள். புதுத் தோல் இளஞ்சிவப்பாக, யாருடைய விரலோ மாதிரி இருக்கிறது. இரண்டு நாளாக எதையும் தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை கண்ணை மூடிக்கொண்டு உன் படிப்பு மேசையைத் தடவினேன். வலது ஓரத்தில் ஒரு மயிரிழைக் கோடு தட்டுப்பட்டது. ஏழாம் வகுப்பில் நீ காம்பஸால் கீறினாயே, அதற்காக உன்னை அழ அழத் திட்டினேனே, அந்தக் கோடு. அதற்குப் பிறகு இரண்டு தடவை பாலிஷ் போட்டு மறைத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. உப்புத்தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக இரு அம்மா. குதிகாலைத் தேய்க்காதே.

சொந்தக் கையெழுத்தில்,
உன் அப்பா