வெள்ளிக்கிழமை பத்து மணி

பம்பாய்
ஆவணி, 1979

அன்புள்ள தனபாக்கியத்துக்கு,

தணிகை முருகன் புண்ணியத்தில் நான் நலம். உன் தையல் ஆறுகிறதா? பிள்ளைக்குப் பால் போதுகிறதா?

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபரேஷன், என்னை நெனச்சிக்கினு இருங்க" என்று எழுதியிருந்தாய். நானும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடையில் லுங்கி மூட்டைமேல் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மையார்குப்பத்துப் பங்காரு சரக்கோடு வந்து இறங்கினான்.

"இன்னா பாவா, பட்டினியா? திங்கக்கிழமை கிருத்திகைலயே பையன் பொறந்தாச்சே. உங்க மாமியார் கையால சக்கரை தின்னுட்டுதான் ரயில் ஏறனேன். பத்து நாள் முன்னாடியே ஜோசியர் நாள் குறிச்சுட்டாரே" என்றான்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் உங்கள் தந்தி வந்தது, "இன்று ஆண் குழந்தை" என்று.

டாக்டர் சொன்ன நாளை மாற்றக்கூடாது என்றேன், வாஸ்தவம். கிருத்திகைதான் வேண்டும் என்று நீ கேட்டிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு ஒத்துக்கொண்டிருப்பேன். உன் அம்மா மறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. நாள் குறித்த பிறகும் வெள்ளிக்கிழமை என்று உன் கையால் எழுதினாயே.

பிள்ளையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு, காலுறை வாங்க வேண்டும். பெயர் வைக்கும் நாளையும் எழுது. நிஜமான நாளை எழுது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வேதாசலம்